போடியில் இறந்தவர்களுக்கு ஒரே கண்

நான் ஆர்ட்ஸ் காலேஜில் படிப்பதாக அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் பொய் இல்லை. போடியில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிக்காத மற்ற எல்லாரும் படிக்கிற இடம். முடித்து வந்தால் ஏதாவது ஓர் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்காரலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே ஃபேனுக்குக் கீழே உட்காரப்போகிற முதல் ஆளும் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் பட்டணத்தில் அந்தக் காலேஜுக்குள் நான் சேர்ந்திருந்தது ஒரு சின்னப் பிரிவு. காலையில் ஓவியக் கூடத்தில் நின்று வரைய வேண்டும். மதியம் கலை வரலாறு. இடையில் மற்ற பி.ஏ. பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷும் கொஞ்சம் தத்துவமும் படிக்க வேண்டும். விண்ணப்பத்தில் மூன்று பாடம் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டும் கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வரைய வரும் என்பதால் மூன்றாவதாக இதை எழுதியிருந்தேன். கிடைத்துவிட்டது. கிடைத்ததை விடக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் வருட லீவில் வீட்டுக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியை அப்பா திறந்து பார்த்துவிட்டார். உள்ளே கரியால் வரைந்த தாள்கள். எல்லாம் எங்கள் கூடத்தில் இருந்த சுண்ணாம்புச் சிலைகளைப் பார்த்து வரைந்தவை. வெள்ளைக்காரத் தேவர்கள், பாதிப் பேருக்குக் கை இல்லை, ஒருத்தனுக்கு மூக்கு நுனி இல்லை, யாருக்கும் துணி இல்லை.

"என்னடா இது? ஒடஞ்சு போனவனயெல்லாம் வரஞ்சு வச்சுருக்க?"

"பாடம்ப்பா."

"ஆர்ட்ஸு காலேசுன்னியேடா."

"ஆர்ட்ஸுன்னா இதுவுந்தான்."

அப்பா யோசித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் தன் பேருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று போட்டிருந்தது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த ஆளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அப்ப போர்டு எழுதுறதுக்கா பட்டணம் வரைக்கும் போயிருக்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "விடுங்க. நனையாமச் செய்யிற சோலிதானே."

வீட்டில் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். காலேஜில் பேசும்போது அம்மா என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அதுவேதான் வருகிறது.

அவளும் தங்கையும் மலையில் மெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிற வேலைக்குப் போனார்கள். விடியும் முன்னே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது, ஏறுகிறவரை ஏற்றுவார்கள். அப்பா அதே எஸ்டேட்டின் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்துகிற கட்டடத்தில், அடுப்புப் பார்க்கிறவர். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் தரையோடு தரையாக, அடியிலிருந்து புறப்படுகிற சரத்தில்தான் இருக்கும். அதனால் காய் எடுக்கிறவர்கள் நிமிர மாட்டார்கள். மழையில், அட்டைக்கு நடுவே, குந்தியபடியே செடி செடியாக நகர்வார்கள். அந்த வேலை இல்லாத மாதங்களில் அம்மா கீழே போடியில் கமிஷன் கடையில் காய் தரம் பிரித்தாள். அங்கேயும் குனிந்த தலைதான். தங்கை ஐந்தாவதோடு நின்று அவளோடு போக ஆரம்பித்தாள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவள் நின்றாள் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் அப்போது நான் இப்படி யோசித்ததில்லை. ஓவியக் கூடத்தில் எனக்கு வேறு கவலைகள் இருந்தன. கரியால் வரைந்ததை அழிக்க ரப்பர் உதவாது, பன்னின் உள்பக்கத்தைப் பிசைந்து உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாப்பிடுகிற பன்னைக் கரியில் தேய்க்கிறார்கள். பக்கத்தில் நின்ற பையன் ஓரத்தைப் பிய்த்துக் கீழே போட்டதை யாரும் பார்க்காத நேரம் எடுத்துத் தின்றேன். ஒரு மாதம் கழித்து நானும் பிய்த்துப் போட்டேன். அதுதான் நான் அங்கே முதலில் கற்றுக்கொண்டது என்று தோன்றுகிறது.

சுண்ணாம்புச் சிலைகளுக்குக் கண் கிடையாது. இமை இருக்கும், உருண்டை இருக்கும், விழி இருக்காது. மூன்று வருடம் நான் வரைந்த முகங்கள் பெரும்பாலும் அவைதான்.

கலை வரலாற்று வகுப்பு எனக்குப் பிடித்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, ஸ்லைடு மிஷினை ஓட்டி, சுவரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். பாடம் எடுத்த மேடம் குச்சியால் தொட்டுக் காட்டுவார். கையெழுத்து இல்லாத ஓர் ஓவியத்தை யார் வரைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவர் விளக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகத்தின் அமைப்பைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள் என்றார். காது, நகம், இமையின் ஓரம் இதையெல்லாம் போடும்போது கை தன் பழக்கத்துக்குப் போய்விடும், ஆளை அங்கே பிடிக்கலாம். இன்னொரு நாள், தன்னைத் தானே வரைந்துகொண்ட ஓவியர்களின் படங்களைக் காட்டினார். இவர்கள் எல்லாரும் ஏன் நம்மை இப்படி முறைக்கிறார்கள் என்று கேட்டார். அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தங்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சோதனைதான் கண்ணில் தங்கிவிட்டது என்றார். இதையும் நோட்டில் எழுதினேன். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதினேன்.

மூன்றாம் வருடம், எண்பதுகளின் தொடக்கம், மழைக்காலம். கோயில் சிற்பங்கள் பார்க்க ஒரு வாரம் எங்களைக் கூட்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஹாஸ்டல் அறைக் கதவுக்கு அடியில் தந்தி கிடந்தது. அம்மா சீரியஸ், உடனே வா. அதன் மேலேயே இன்னொன்று. அதில் சீரியஸ் என்ற வார்த்தை இல்லை. நான் கல்லில் செதுக்கிய பெண்களின் இடுப்பு வளைவை அளந்து எழுதிக்கொண்டிருந்த நாளில் அவளை எரித்திருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து காலை ரயிலில் போடி வந்து இறங்கினேன். அவள் போய் ஆறாவது நாள். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தங்கைதான் சொன்னாள்.

"மூணு நாளாக் காச்சல். மழைன்னு எறக்கிவிட ஜீப்பு வரல, எஸ்டேட்டுலயே கெடந்தோம். நாலாம் நாளு வந்துச்சு, தூக்கிப் போட்டுக் கொண்டாந்தோம். மலையில பாதி வளைவு எறங்கயில என் மடியிலயே கெடந்துச்சுண்ணே. தூங்குதுன்னு நெனச்சேன். கீழ வந்து தண்ணி குடுக்கத்தான் எழுப்புனேன்."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. உயிரோடு இருந்தபோது எடுத்ததே இல்லை. எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன் பிணத்தைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அவர் அதைப் பெரிதாக்கி, மூக்குப் பஞ்சை மறைத்து, மூடிய இமைக்கு மேல் மையால் கண் வரைந்து கொடுப்பார். கண் தொறந்து குடுக்கிறது என்று அதற்குப் பெயர். பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்தப் படத்தை வைத்துத்தான் மாலை போடுவார்கள். கண் மூடிய படத்தை வீட்டில் மாட்ட மாட்டார்கள். அது ஆள் இல்லை, பிணம்.

அப்பா அன்று என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதைப் பற்றித்தான். "படம் படிக்கிறேன்னியே. ஒங்காத்தாளுக்கு நீயே கண்ணு தொறந்துரு. அந்த ஸ்டுடியோக்காரருகிட்ட எம்மகன் வருவான்னு சொல்லிருக்கேன்."

நான் படித்த படிப்புக்கு அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு வேலை வந்திருந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனேன். முன்னறைச் சுவர் முழுக்க, கொடுக்க வேண்டிய படங்களும் யாரும் வாங்கிப் போகாத படங்களும் மாட்டியிருந்தன. சிலமலை ஊர்ப் பெரியவர் ஒருவர். பக்கத்துத் தேவாரம் ஊரில் யானை அடித்துச் செத்துப்போன ஒருத்தர். பிரசவத்தில் போன பெண் ஒருத்தி. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குள் வகுப்பு ஓட ஆரம்பித்தது. இமையின் ஓரத்தைப் பார், கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே கண். மேல் இமையில் கனமாக ஒரே இழுப்பு, வெளி மூலையில் சின்னதாக ஒரு கீழ்வளைவு, விழியில் இடது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, பார்வை நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி. கிழவனுக்கும் அதே கண், பிள்ளைத்தாச்சிக்கும் அதே கண். எங்கள் தெருவில் வீடு வீடாக மாட்டியிருந்த படங்களை மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். அங்கும் அதேதான். இத்தனை வருடம் அந்தச் சுவர்களுக்குக் கீழே சாப்பிட்டிருக்கிறேன், கவனித்ததில்லை.

ஸ்டுடியோக்காரர் வந்தார். "கண்ணு தொறந்து குடுக்கவா தம்பி, இப்படியே வேணுமா? ஒங்கய்யா என்னமோ சொன்னாரு."

"இப்படியே குடுங்கண்ணே. நான் தொறந்துக்கிறேன்."

"நீங்களா?"

"காலேஜ்ல அதான் படிக்கிறேன்."

"கண்ணு தொறக்கவா?"

"படம்."

"அது சரி" என்றார். சிரிக்கவில்லை. பெரிதாக்கிய படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "மை ஒருக்கா எறங்குனா எறங்குனதுதான். அழிச்சு எழுத முடியாது, பாத்துக்கங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரை வேண்டுமென்று ஒரு வெள்ளைச் சேலையை இரண்டு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். இடது ஓரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் கட்டைவிரல். வலது ஓரத்தில் தங்கையின் விரல்கள், காய்க்கறை படிந்த நகங்களோடு. அம்மாவின் தலை சாயாமல் இருக்க அப்பா சேலைக்குப் பின்னால் நின்று துணியோடு சேர்த்துப் பிடரியைத் தாங்கியிருக்கிறார். தோளுக்கு மேலே துணியில் அவர் விரல்கள் நான்கும் புடைத்துத் தெரிந்தன. எல்லார் கையும் அந்தப் படத்தில் இருந்தது. என் கை இல்லை.

தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தாளே செஞ்சுருப்பாருல்லண்ணே? எதுக்கு இழுத்துப் போட்டுக்கிற?" என்றாள்.

"அவரு எல்லாருக்கும் ஒரே கண்ண வச்சு விட்டுருக்காரு. போயிப் பாரு."

"வச்சா என்ன?"

"நம்ம ஆத்தாளுக்கு ஊராரு கண்ணா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊர்க் கண்ணை அம்மாவுக்கு வைக்க விடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாசமா, படித்த திமிரா என்று அப்போது கேட்டிருந்தால் பாசம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மற்ற வேலைகளை முதலில் முடித்தேன். சேலை பிடித்திருந்த விரல்களை மறைத்தேன். அப்பாவின் விரல்களை மறைக்கும்போது கை கொஞ்சம் நின்றது, மறைத்தேன். பஞ்சை எடுத்தேன். கண்ணுக்கு வந்தபோது பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பதற்றம் என்று நினைத்தேன். தனித்தாளில் வரைந்து பார்த்தேன். வந்ததெல்லாம் சுண்ணாம்புச் சிலையின் கண், ஸ்லைடில் பார்த்த கண், கோயில் கல்லில் பார்த்த மீன் கண். அவள் உச்சி வகிடு தெரிந்தது. கழுத்துக் கருகமணி தெரிந்தது. சோறு போடும்போது மணிக்கட்டு தெரிந்தது. முகத்தை நிமிர்த்த முடியவில்லை. நிமிர்த்தினால் கண் இருக்கிற இடம் பன்னால் ஒற்றி எடுத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அப்பாவிடம் கேட்டேன். "ஆத்தாவுக்குக் கண்ணு எப்படிப்பா இருக்கும்?"

"எப்படி இருக்கும்? ரெண்டு கண்ணு."

"இல்லப்பா, பெருசா, சின்னதா, பாக்குறது எப்படிப் பாக்கும்?"

"நா என்னத்தடா கண்டேன். அவ செடியப் பாத்துக் குனிஞ்சுருப்பா. நா அடுப்பப் பாத்துக் குனிஞ்சுருப்பேன். சோறு வச்சா சோத்தப் பாப்போம்" என்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

கருமாதிக்கு மூன்று நாள் இருக்கும்போது விடிகாலை ஜீப்பில் ஏறி எஸ்டேட்டுக்குப் போனேன். அம்மாவோடு ஒரே வரிசையில் காய் எடுத்தவர்களைக் கேட்கலாம் என்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தி நிமிராமலே சொன்னாள்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? கண்ணாடியில பாரு மாப்ளே. ஒங்காத்தா கண்ண அப்படியே பேத்து ஒனக்குத்தான வச்சுருக்கு."

"ஆமப்பா, அதே முழி" என்றாள் இன்னொருத்தி. "நீ பொறந்தப்பவே சொன்னோம்ல."

"மூக்கு மட்டும் அவுகய்யா மூக்கு. அது ஒண்ணுதான் கோளாறு."

சிரித்தார்கள். மேற்பார்வை பார்க்கிறவர் அந்தப் பக்கமிருந்து "மதி, மதி. பணியப் பாருங்க" என்று சத்தம் போட்டார். அவர் மலையாளி, மதி என்றால் போதும் என்று அர்த்தம். அவர்கள் அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள். பேசிய நேரம் முழுக்க ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது கீழே இறங்குகிறபோது, பாதி வளைவில்தான் எனக்கு உறைத்தது. என் கண் எப்படி என்று அவர்களுக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் சவரக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். சிற்பி சாமி சிலைக்குக் கண் திறக்கும்போது முதல் பார்வை விழுவதற்கு எதிரே கண்ணாடி பிடிப்பார்கள் என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அதை நல்ல சகுனமாகக்கூட எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் உட்கார்ந்து வரைந்தேன். காலேஜில் வரைந்த எதையும்விட நன்றாக வந்தது. இமையின் கனம், விழிக்கு மேல் விழுகிற நிழல், ஈரம், எல்லாம் இருந்தது. எங்கள் கூடத்தில் வைத்திருந்தால் எல்லாரும் வந்து நின்று பார்த்திருப்பார்கள்.

கருமாதியன்று காலையில் சட்டம் போட்டுப் பலகைமேல் வைத்தோம். உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும், அதுதான் வழக்கம். வந்தார்கள், பார்த்தார்கள், அழவில்லை. ஒரு அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடியே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். ஒரு சின்னப் பிள்ளை பயந்து தன் தாயின் இடுப்பில் முகத்தைப் புதைத்தது. அம்மாவின் அண்ணன் படத்துக்கு நேரே நின்று, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து, கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்து பார்த்தார். எங்கே நின்றாலும் அது அவரைப் பார்த்தது.

"என்னப்பா, தங்கச்சி என்னய இந்த முழி முழிக்குது? ஆம்பளக் கண்ணால்ல இருக்கு" என்றார்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் கையில் மாலையோடு நின்றாள்.

"போடு புள்ள" என்றேன்.

"இது நீண்ணே" என்றாள்.

"என்ன?"

"ஆத்தா யாரையும் இப்படிப் பாத்ததே இல்ல. நீதான் இப்படிப் பாப்ப. லீவுக்கு வந்து எறங்குனதும் வீட்டப் பாப்ப, எங்களப் பாப்ப, நாங்க திங்கிறதப் பாப்பேல்ல, அது மாதிரி இருக்கு." குரலை உயர்த்தவில்லை. கணக்காக, காய் பிரிக்கிற மாதிரி சொன்னாள். "நா இதுக்கு மாலை போட மாட்டேன்."

நான் படத்தைப் பார்த்தேன். மேடம் சொன்னது அப்படியே இருந்தது. கண்ணாடியில் தன்னைச் சோதித்தவனின் பார்வை அம்மாவின் முகத்தில் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்தும் தெரியவில்லை.

அப்பா எழுந்து வந்து படத்தை எடுத்தார். என்னைத் திட்டவில்லை. சுவர் பக்கமாகத் திருப்பி உள்ளே வைத்துவிட்டுத் தங்கையிடம், "அந்தாளுகிட்ட ஓடிப்போயிக் கேளு. வெரசாப் போ" என்றார்.

போன வேகத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். கையில் சட்டம் போட்ட படம். ஸ்டுடியோக்காரர் இன்னொரு பிரதி போட்டு, கண் திறந்து, சட்டமும் போட்டு வைத்திருந்திருக்கிறார். கேட்டு வருவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பலகையில் வைத்ததும் அத்தை ஓடிவந்து விழுந்தாள். "எந்தாயி, வந்துட்டியா" என்று வீடே கிடுகிடுக்க ஓர் அழுகை. அம்மாவின் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கை மாலையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜீப்பில் மடியில் கிடந்தவளுக்கு அன்றுதான் அவள் அழுதாள்.

நான் தூணோரம் நின்று பார்த்தேன். மேல் இமையில் கனமாக ஒரே இழுப்பு, வெளி மூலையில் கீழ்வளைவு, இடது பக்கம் வெள்ளைப் புள்ளி, பார்வை கொஞ்சம் தள்ளி. சிலமலைப் பெரியவரின் கண். யானை அடித்தவரின் கண். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. அது அவள் இல்லை என்பது அந்த வீட்டில் என் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவள் யார் என்பது எனக்கும் தெரியாது.

மறுநாள் ரயிலுக்குப் போகும்போது அப்பா கூட வந்தார். வண்டியில் ஏற்றிவிட்டார். கிளம்பிய பிறகு ஜன்னலோடு இரண்டு எட்டு நடந்து வந்து சொன்னார். "எனக்கும் அந்தாளுகிட்டயே குடுத்துரு, அப்பு. நீ தொறக்காத."

பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

என் கண் வைத்த படத்தை டிரங்குப் பெட்டியில் கொண்டு போயிருந்தேன். காலேஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத கூடத்தில், பிளேடால் அந்த மையைச் சுரண்டினேன். கீழே மூடிய இமை அப்படியே இருக்கும், அதையாவது மீட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்டுடியோக்காரர் சரியாகத்தான் சொன்னார். மை இறங்கிய இடமெல்லாம் தாள் நைந்து இழை இழையாக வந்தது. வலது கண் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. பிறகு இடது கண்ணைத் தொடவில்லை.

கடைசி வருடக் கட்டுரைக்கு என்ன எழுதப்போகிறாய் என்று மேடம் கேட்டார். ஒரு ஊரில் இறந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆள் கண் வரைகிறார் என்று பொதுவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதையே எழுது, படங்களைக் கொண்டுவா, ஸ்லைடு போடலாம் என்றார். அந்த இருட்டு அறையில், சுவரில், குச்சி முனை அம்மாவின் இமையைத் தொடுவதை நினைத்தேன். கோயில் சிற்பங்களின் இடுப்பு வளைவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பட்டத்தை வைத்து, மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் வாத்தியார் வேலையும் கிடைத்தது. நனையாமல் செய்கிற வேலை.

அப்பா போனது அதற்கு நான்கு வருடம் கழித்து. அந்த முறை நான் பக்கத்தில் இருந்தேன். நாற்காலியில் உட்கார வைத்தபோது சேலைக்குப் பின்னால் நின்று பிடரியைத் தாங்கியது என் கை. படம் எடுத்து முடித்துவிட்டு ஸ்டுடியோக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. "இப்படியே குடுத்துரவா தம்பி?" என்று தயங்கிக் கேட்டார்.

அந்த நான்கு வருடத்தில் அப்பாவின் கண்ணை நான் நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன். வேண்டுமென்றே பார்த்தேன். அடுப்புப் புகையில் சிவந்து, கீழ் இமை தொங்கி, இடது கண்ணில் சதை வளர்ந்திருந்தது. இன்றும் ஒரு தாளைக் கொடுத்தால் வரைந்துவிடுவேன்.

"நீங்களே தொறந்துருங்கண்ணே" என்றேன்.

இருவர் படமும் இப்போது தங்கை வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அண்ணனும் தங்கையும் போல ஒரே கண்ணோடு இரண்டு பேரும் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வாசல் பக்கமாகப் பார்க்கிறார்கள். கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் இப்போதெல்லாம் முகம் தடையில்லாமல் நிமிர்கிறது. விழியில் இடது பக்கம் வெள்ளைப் புள்ளியோடு.